மேசைக்கு அடியில் ஒரு பிரேக்

அந்த ஓட்டுநர் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் எதன்மேலாவது இடிக்கப் போகிறார் என்றால், அவர் வாயைத் திறந்து கத்துவதற்கு முன்னாலேயே அவளுடைய வலது கால் இறங்கியிருக்கும். வருடக் கணக்கில் ஊறிப்போன பழக்கம். டாக்சியில் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் இறங்கும். சினிமாவுக்குப் போனால் திரையில் வண்டி மோதுகிற நேரத்தில் முன்வரிசைக்காரர் திரும்பி அவளை முறைப்பார்.

பள்ளியில் பாதி அவளுடையது, பாதி அண்ணனுடையது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. சுவரில் சாலைக் குறிகளின் படம், மேசைமேல் சந்திப்புகளை விளக்குவதற்கு நான்கு பொம்மைக் கார்கள், கீழே தெருவோரத்தில் இரண்டு நிஜக் கார்கள். அண்ணனிடம் இளவட்டங்கள் கற்றுக்கொள்வார்கள். அவளிடம் வருகிறவர்கள் வேறு ரகம். வேறு இடங்களில் "உங்களுக்கு வராதுங்க" என்று கைகழுவி அனுப்பப்பட்டவர்கள், ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள், தேர்வில் மூன்று நான்கு முறை தோற்றவர்கள். அவர்கள் ஓட்டிப் பழகும்வரை அவள் விடமாட்டாள். அதில் அவளுக்கு ஒரு வெறியே உண்டு.

அப்படியிருக்க, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய பள்ளிக்காரர்கள் வந்து, உங்கள் பள்ளியை எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அண்ணனுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று துடிப்பு.

"இடுப்பு போச்சுடி எனக்கு. நாள் பூரா உக்காந்து உக்காந்து. உனக்கும் அங்க வேலை தர்றாங்க. சீருடை குடுக்கறாங்க. ஏசி ரூம்."

"அவங்க ஆளுக்குப் பன்னெண்டு வகுப்பு குடுத்துட்டு, அதுக்கு மேல வராதவங்கள வெளிய அனுப்பிடுவாங்க. என் ஆளுங்க எங்க போவாங்க?"

"உன் ஆளுங்க பஸ்ல போவாங்க."

இந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இங்கே அந்தக் குடும்பத்தின் கிறுக்குத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் வாயால் தீர்ந்ததில்லை. அப்பா காலத்திலிருந்தே சீட்டுக்கட்டுதான் நீதிபதி. காரில் முன்சீட்டு யாருக்கு, இன்றைக்குப் பாத்திரம் யார் கழுவுவது, பள்ளிக்கு என்ன பெயர் வைப்பது, எல்லாமே சீட்டில்தான் முடிவாயின. சீட்டு சொன்ன பிறகு யாரும் மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டால் அப்பா அடுத்த ஒரு மாதத்துக்கு அந்த ஆளை ஆட்டத்திலேயே சேர்க்கமாட்டார்.

"சீட்டுப் போடு" என்றாள் அவள், எட்டாம் நாள்.

அண்ணன் சிரித்தான். "ரம்மின்னா நீ ஜெயிப்ப. போக்கர்னா நான் ஜெயிப்பேன். பொதுவா ஒண்ணு சொல்லட்டுமா? மூணு மாசத்துல கண்காட்சி அரங்கத்துல பெரிய போக்கர் போட்டி நடக்குது. நானூறு பேருக்கு மேல வருவாங்க. நாம ரெண்டு பேரும் போவோம். யாரு கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கறாங்களோ அவங்க சொன்னதுதான் முடிவு."

இதில் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? வாரா வாரம் போக்கர் ஆடுகிறவன் அவன். அவளுக்கு அதில் எத்தனை சீட்டு கொடுப்பார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆனால் கோபம் கண்ணை மறைத்திருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கிக் காரில் உட்கார்ந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது.

அந்த நேரத்துக்கு வகுப்புக்கு வந்திருந்தவள் மருந்துக்கடைக்காரி. தேர்வில் மூன்று முறை தோற்றவள். பிரேக்கக்காவைப் போல அவளும் நாற்பதைத் தாண்டியவள்தான். ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பாள். முகத்தைப் பார்த்ததும் "என்னக்கா ஆச்சு?" என்றாள். பிரேக்கக்கா கொட்டித் தீர்த்தாள்.

மருந்துக்கடைக்காரி எஞ்சினை நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். வண்டியில் உட்கார்ந்தால் பூனைக்குட்டியாக இருக்கிற அவளுடைய கண்ணில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அக்கா, சனி ஞாயிறுல நான் என்ன பண்றேன்னு நினைச்சீங்க? கடையச் சாத்திட்டு போக்கர்தான். நீங்க எனக்கு வண்டி சொல்லிக்குடுங்க. நான் உங்களுக்குச் சீட்டு சொல்லிக்குடுக்கறேன்."

அன்றிலிருந்து அந்தக் காரில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி கியர் மாற்றச் சொல்வாள், மற்றவள் சீட்டை வீசச் சொல்வாள். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு, யாருக்குச் சேர்க்கை பெரிதோ அவருக்கு, காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைத்த வட்டச் சில்லுகள். இது முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. சில்லு தீர்ந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதும் புரிந்தது. "அப்போ பத்திரமா ஒரு மூலைல உக்காந்துட்டா போதுமே" என்றாள் பிரேக்கக்கா.

"அதான் எல்லாப் புது ஆளுங்களும் பண்ற தப்பு. சிக்னல்ல நின்னாலும் டாக்சி மீட்டர் ஓடுதில்ல? அதே மாதிரி இங்க முறைக்கு முறை கட்டாயப் பந்தயம் ஒண்ணு வெக்கணும். நேரம் ஆக ஆக அது ஏறிக்கிட்டே போகும். சும்மா உக்காந்திருந்தீங்கன்னா அதுவே உங்களத் தின்னுடும்."

"அப்போ எல்லாத்துலயும் இறங்கணுமா?"

"ஐயோ, வேணாம். நூத்துல எண்பது தடவை பந்தயம் கட்டாம சீட்டத் தூக்கிப் போடுங்க. இறங்கினா மட்டும் பந்தயத்த ஏத்தி அடிங்க. யாரோ வெச்சாங்கன்னு நீங்களும் கூடவே கொஞ்சம் கொஞ்சம் வெச்சுட்டுப் போறது இருக்கே, அது ரொம்பக் கெட்ட பழக்கம்."

"ஹாஃப் கிளட்ச்ல வண்டிய இழுக்கற மாதிரி" என்றாள் பிரேக்கக்கா மெதுவாக. "வண்டி போற மாதிரியே இருக்கும். கிளட்ச் பிளேட் தேஞ்சு போயிடும்."

"அதேதான். சில்லும் அப்படித்தான் தேயும். இன்னொண்ணு, மத்தவங்க எல்லாம் பந்தயம் சொன்னப்புறம் கடைசியாப் பேசற இடத்துல உக்காந்திருந்தா உங்களுக்கு யோகம். முன்னால போறவன் எங்க திரும்பறான்னு பாத்துட்டு நீங்க திரும்பலாம்."

பிரேக்கக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவுதானா? இதைத்தானே அவள் நாள் முழுக்கத் தெருவில் செய்துகொண்டிருக்கிறாள்? அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவளுக்கு உப்பு உறைப்புகூடத் தெரியவில்லை.

போட்டி நாள் வந்தது. அரங்கத்துக்குள் காலெடுத்து வைத்ததும் ஒரு கணம் நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை மேசைகள். நூற்றுக்கணக்கான கைகள் சில்லுகளை அடுக்கிக் கலைத்து அடுக்குகிற சத்தம், தகரக் கூரைமேல் மழை பெய்கிற மாதிரி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு தூரத்து மேசையிலிருந்து கையசைத்தான். "வீட்டுக்குப் போறப்ப பள்ளிச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ" என்று கத்தினான். மருந்துக்கடைக்காரியும் போட்டியில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு வேறொரு மூலையில் மேசை.

முதல் இரண்டு மணி நேரத்தில் பிரேக்கக்காவுக்கு வந்த சீட்டுகளைப் பார்த்தால் கடவுளே பக்கத்தில் உட்கார்ந்து கலைத்துப் போடுகிறார் என்று நினைக்கத் தோன்றும். ஏஸ் ஜோடி வந்தது. ராஜா ஜோடி வந்தது. சொல்லிக்கொடுத்தபடியே ஏற்றினாள். ஆனால் என்ன மாயமோ, எவனும் சிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தாடிக்காரர் சில்லுகளை நடுவே தள்ளக் கையெடுப்பார். கை பாதி வழியில் நிற்கும். அவளைப் பார்ப்பார். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சீட்டை வீசிவிடுவார். மற்றவர்களும் அப்படியே. கட்டாயப் பந்தயத்துக்குக் கட்டிய சில்லு திரும்பி வந்ததோடு சரி. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நான் அவுட்டுக்கா. முதல் மணி நேரத்துலயே."

"நீயா? எனக்குச் சொல்லிக்குடுத்த நீயா?"

"விடுங்க, அந்தக் கதை வேணாம். அப்புறம் வந்து உங்க ஆட்டத்தத்தான் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன். உங்களுக்கு ஏன் யாரும் சிக்கலைன்னு தெரியுமா?"

"முகத்துல தெரியுதா?"

"முகத்துல இல்ல. கால்ல." மருந்துக்கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்தத் தாடி உங்க ஏஸ் ஜோடிமேல வந்து இடிக்கப் போனான் பாருங்க. உங்க கால் டம்முனு கீழ இறங்கி மேசைக் கால்ல இடிச்சுது. அவனோட சில்லெல்லாம் ஆடிச்சு. அவன் நிறுத்திட்டான். நீங்க அவனக் காப்பாத்திட்டீங்கக்கா. நான் மூணு மாசமா அந்தக் காலோட உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பிரேக்கக்கா காபிக் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. மூன்று முறை அந்தத் தாடிக்காரரை விபத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறாள். அவர் மனதுக்குள் இந்தப் புண்ணியவதியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். வெட்கம் ஒருபக்கம், கோபம் ஒருபக்கம். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இடைவேளை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தாள். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சீட்டுப் போடுகிற டீலர் ஒரு மாதிரி பார்த்தார். சம்மணம் போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் இன்றைக்கும் கை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். ராணி ஜோடி வந்தது. ஏற்றினாள். தாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். மேசை ஆடவில்லை. அவர் தைரியமாக மொத்தச் சில்லையும் நடுவே தள்ளினார். சம்மணத்துக்குள் அவளுடைய வலது பாதம் துள்ளி அவள் தொடையிலேயே இடித்தது. வெளியே ஒரு அசைவும் இல்லை. "பாக்கலாம்" என்று தன் சில்லையும் தள்ளினாள். அவரிடம் ஏஸும் பத்தும். நடுவில் ஐந்து சீட்டும் விழுந்தன, ஏஸ் வரவில்லை. சில்லுக் குவியல் அவள் பக்கம் வந்தபோது இரண்டு கைகளாலும் அணைத்து இழுக்க வேண்டியிருந்தது. ரத்தம் சூடேறிக் காதுவரைக்கும் வந்துவிட்டது. சே, இது என்ன விளையாட்டு. இத்தனை வருடம் இதை ஏன் யாரும் அவளிடம் சொல்லவில்லை?

ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மேசைகளைக் கலைத்துக் கலைத்துச் சேர்த்தார்கள். இன்னும் சில பேர் வெளியேறினால் மிச்சப் பேருக்குப் பரிசு உறுதி என்கிற கட்டத்தில் எல்லோரும் பயந்து முயல்மாதிரி பதுங்கினார்கள். அந்த நேரத்தில்தான் ஏறி அடிக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரி சொல்லியிருந்தாள். பிரேக்கக்கா அடித்தாள். கடைசியாகப் பேசுகிற இடம் கிடைத்தபோதெல்லாம், மற்றவர்கள் ஒதுங்கியதும் ஏற்றினாள். அவர்களுடைய கட்டாயப் பந்தயங்கள் ஒவ்வொன்றாக இவள் குவியலில் வந்து சேர்ந்தன. ஆக்ஸிலரேட்டர் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தன் காலுக்குத் தெரிகிறது என்று நினைத்தாள்.

மதியம் சாய்ந்தபோது இன்னொரு மேசையைக் கலைத்தார்கள். ஒரு பெட்டி நிறையச் சில்லோடு வந்து அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தவன் அவளுடைய அண்ணன்.

"இன்னும் இருக்கியாடி?" என்றான். உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தான். "அது என்ன, கோயில்ல உக்காந்த மாதிரி?"

"இடுப்புக்கு நல்லதுண்ணே. நீயும் உக்காந்து பாரு."

அரைமணி நேரம் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடினார்கள். பிறகு அந்த ஆட்டம் வந்தது. கடைசியாகப் பேசுகிற இடம் அவளுக்கு. எல்லோரும் ஒதுங்க, அண்ணன் ஏற்றினான். அவள் தன் சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் ராணி ஜோடி. அவளிடம் இருப்பதைவிட அண்ணனிடம் கொஞ்சம் அதிகம். மொத்தத்தையும் தள்ளி ஜெயித்தால் அவன் கதை அநேகமாக முடிந்தது. தோற்றால் இவள் வெளியே, பள்ளியும் வெளியே. ராணி ஜோடியை வைத்துக்கொண்டு ஹாஃப் கிளட்ச் போடுவதா? தள்ள வேண்டியதுதான். இரண்டு கைகளையும் சில்லுக்குப் பின்னால் வைத்தாள்.

டம்.

மேசை ஆடியது. அவளுடைய தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் தளும்பியது. அவளுடைய கால்கள் நாற்காலிமேல் பத்திரமாக மடங்கியிருந்தன. அண்ணனைப் பார்த்தாள். கூலிங்கிளாஸ், கல் மாதிரி முகம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அந்தக் கால் யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனும் இவளைப் போலவே வருடக் கணக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன். இவளுக்கு முதன்முதலில் வண்டி கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

பயந்துவிட்டானா? சீட்டு மோசமோ? அப்படியென்றால் தள்ளிவிட வேண்டியதுதானே என்று முதலில் தோன்றியது. விரல்கள் சில்லை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

இல்லை. பக்கத்து சீட்டுப் பிரேக்கை யாரும் தனக்காகப் போட்டுக்கொள்வதில்லை. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் இடிக்கப் போகும்போதுதான் அந்தக் கால் இறங்கும். இப்போது ஸ்டியரிங் பிடித்திருப்பது யார்? இவள்.

கையைச் சில்லிலிருந்து எடுத்தாள். ராணி ஜோடியைக் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு நல்ல சீட்டை வீசுவது பல்லைப் பிடுங்குவது மாதிரி வலித்தது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பெரிய சீட்டு வந்தால் காட்டாமல் இருக்க அவனால் முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரண்டு ராஜாக்களையும் திருப்பிப் போட்டான். "எதை வீசின?" என்றான்.

"ஏதோ ஒண்ணு" என்றாள். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். வேடிக்கை பார்ப்பவர்களுக்காகப் போட்டிருந்த வேலிக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அண்ணனுக்குச் சுருதி இறங்கிவிட்டது. ராஜா ஜோடிக்கு ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் கண்டதற்கெல்லாம் கூடவே சில்லு வைத்தான். அவனுடைய கிளட்ச் பிளேட் அவள் கண்முன்னாலேயே தேய்ந்தது. பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தில் அவனிடம் இவளுடையதில் பாதிகூட இல்லை.

கடைசியில் அவன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சில்லுகளை ஒன்றாகச் சேர்த்தான். மொத்தத்தையும் தள்ளப் போகிறான். அவள் முன்னால் ஏஸும் ராஜாவும் கவிழ்ந்தபடி காத்திருந்தன. சம்மணத்துக்குள் அவளுடைய பாதம் துடித்தது. இந்தத் தடவை அது தாடிக்காரருக்காகத் துடித்தது மாதிரி இல்லை. வேண்டாம்ணே, வராதே என்று சொல்கிற துடிப்பு. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தள்ளினான்.

"பாக்கலாம்ணே" என்றாள்.

அண்ணனிடம் ஏஸும் ஜாக்கும். மேசையே எழுந்து நின்றது. முதல் மூன்று சீட்டுகளில் யாருக்கும் ஒன்றுமில்லை. நான்காவது சீட்டு ஜாக். அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு குதித்தான். பள்ளி போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவரில் இருக்கிற சாலைக் குறிப் படத்தை யார் கழற்றுவார்கள் என்ற யோசனைகூட வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரி வீல் என்று கத்தியதைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். ஐந்தாவது சீட்டு ராஜா.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். சீட்டு சொன்னால் சொன்னதுதான். அப்பா இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் இருந்தது. மேசையைச் சுற்றிவந்து அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான்.

அவள் அதற்குப் பிறகும் ஆடினாள். இன்னும் சில பேரைக் கலங்கடித்துவிட்டு, கடைசி மூன்று மேசைகள் இருக்கும்போது வெளியே வந்தாள். கிடைத்த பரிசு இரண்டு காருக்கும் கிளட்ச் பிளேட் மாற்றப் போதுமானது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. மூன்று பேரும் அரங்கத்துக்கு வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது.

பயிற்சிக் கார்தான் வந்திருந்தது. "நீ ஓட்டு" என்று மருந்துக்கடைக்காரியிடம் சாவியை நீட்டினாள் பிரேக்கக்கா.

"நானா? ரெண்டு வாத்தியாரை வெச்சுக்கிட்டா?"

"ஓட்டு."

பிரேக்கக்கா பக்கத்து சீட்டில், அண்ணன் பின்னால். கார் மெயின் ரோட்டில் ஏறியது. அண்ணன் முன்னால் குனிந்தான்.

"உண்மையச் சொல்லு. எனக்கு ராஜா ஜோடி வந்தப்ப நீ எதை வீசின?"

"ராணி ஜோடி."

"ராணி ஜோடிய எவளாவது வீசுவாளாடி? அதுவும் புதுசா ஆட வந்தவ?"

"நீதான் பிரேக் போட்ட."

"நானா?"

"டம்முனு போட்ட. என் தண்ணி பாட்டிலே ஆடிச்சு."

அண்ணன் பின்னால் சாய்ந்துகொண்டான். வெளியே பார்த்தபடி சொன்னான்: "எனக்குத் தெரியவே இல்ல. நீ ரெண்டு கையையும் சில்லுமேல வெச்சியா, ஐயோ மாட்டிக்கிட்டாளேன்னு ஒரு நிமிஷம் மனசு துடிச்சுப் போச்சு. ஜெயிக்கத்தானே வந்தேன், அப்புறம் ஏன்டா துடிக்குதுன்னு நானே நினைச்சேன்."

"இந்தக் கால வெச்சுக்கிட்டு நீ பள்ளிய மூடப் போறியா?"

முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அதே நொடியில் காருக்குள் இரண்டு சத்தம் கேட்டது. முன்னால் பிரேக்கக்காவின் கால் நிஜப் பிரேக்கில் இறங்கிய சத்தம், பின்னால் அண்ணனின் கால் வெறும் தரையில் இறங்கிய சத்தம். கார் நின்றது.

மருந்துக்கடைக்காரி பக்கத்தில் இருந்தவளை ஒருமுறை, கண்ணாடியில் பின்னால் இருந்தவனை ஒருமுறை பார்த்தாள். "நானே நிறுத்திட்டேன்" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே."

பிரேக்கக்கா குனிந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரியின் கால் பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டிருந்தது.

"வர்ற தேர்வுல இவ பாஸ்" என்றான் அண்ணன். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நாளைக்குக் காலைல முதல் வகுப்பு யாருக்கு?"

"உனக்குத்தான். ஒரு டைலர் வர்றாரு. ரெண்டு தடவை தோத்தவரு. இனிமே அந்த மாதிரி ஆளுங்கள்ல பாதி உனக்கு."

"என் இடுப்பு?"

"சம்மணம் போட்டு உக்காரு" என்றாள் அவள்.